'அவன் காண்ட்ராக்ட்தானே' என்கிற மேலாளரோடு எப்படிக் காலம் தள்ளுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தம்பி ஒருவர் செம்பனை எண்ணெய் ஆலை லேப்பில் ஒப்பந்த ஊழியர். ஒரு வருட ஒப்பந்தம், மூன்று முறை புதுப்பித்தாகிவிட்டது, இப்போதையது இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. இவர் தயாரிக்கிற தினசரி அறிக்கையை உதவி மேனேஜர் தன் பெயரில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். எண்ணெய் இழப்பு கூடிய நாளில் மட்டும் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "லேப் ஆளைக் கேளுங்கள்" என்று கைகாட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் "அவன் காண்ட்ராக்ட்தானே, எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறான்" என்கிறார். இரண்டு முறை சோதனையில் வந்த எண்ணை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் இருவரும் ஒரே ஊர், ஒரே கோயில், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைத்திருக்கிறார். சண்டை போடுவதா, மேலே புகார் கொடுப்பதா, வேலையை விடுவதா, கல்யாணத்துக்குப் போவதா? இதுதான் கேள்வி.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் ஆள். தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத்து ஆலைகளில் இன்ஸ்ட்ருமெண்ட் வேலை, அதாவது அளவுக் கருவிகளைப் பராமரிக்கிற வேலை, பார்த்து வருஷம் பத்தொன்பது ஆகிறது, அதில் நிரந்தர ஊழியனாக இருந்தது இரண்டே வருஷம். மற்றதெல்லாம் ஒப்பந்தம். ஆகவே சொல்வதில் பாதி சட்டம், பாதி பட்ட அனுபவம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் ஓடுகிற பந்தயத்தில் நீங்கள் இல்லை. அவருக்கு மேனேஜர் நாற்காலி வேண்டும், போனஸ் வேண்டும், தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் அவர் தோளைத் தட்ட வேண்டும். உங்களுக்கு வேண்டியது நான்கே விஷயம்: சம்பளம் நேரத்துக்கு வர வேண்டும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் அல்லது அடுத்த வேலை கிடைக்க வேண்டும், உங்கள் பெயர் கெடக்கூடாது, உங்கள் கையெழுத்து போட்ட தாளில் பொய் இருக்கக்கூடாது. காலைக் கூட்டத்தில் உங்களை மட்டம் தட்டுவது எரிச்சல்தான், ஆனால் அது இந்த நான்கில் எதைத் தொடுகிறது என்று அன்றன்று பாருங்கள். பல நாள் எதையும் தொடாது. தொடாத நாளில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வேலையைப் பாருங்கள். தொடுகிற நாளுக்குத்தான் இந்தப் பதில்.

அடுத்து, உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? உதவி மேனேஜர் நிச்சயம் இல்லை. மேனேஜரா, தலைமை அலுவலக மனிதவளப் பிரிவா, இல்லை உங்களை அங்கே அனுப்பிய லேபர் காண்ட்ராக்டரா? மூன்று வருஷம் வேலை பார்த்தும் இது தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நியமனக் கடிதத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இந்த உதவி மேனேஜர் உங்களுக்குக் கெடுதல் செய்வதென்றால் அந்தக் கையெழுத்துக்காரர் காதின் வழியாகத்தான் செய்ய முடியும். அந்தக் காதுக்கு உங்கள் வேலை நேராகப் போய்ச் சேருகிறதா என்பதுதான் விஷயம், மற்றதெல்லாம் இரைச்சல்.

'காண்ட்ராக்ட்' என்று ஒரே சொல்லில் நாம் மூன்று வேறு வேறு ஆட்களைக் குறிக்கிறோம். கம்பெனியே நேரடியாக ஒரு வருடத்துக்கு எடுத்த ஆள் ஒரு வகை. சம்பளச் சீட்டு வரும், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கட்டுவார்கள். இவர் சட்டப்படி முழு ஊழியர். வேலைவாய்ப்புச் சட்டம் 1955, 2023 ஜனவரி 1 முதல் எந்தச் சம்பளக்காரருக்கும் பொருந்தும் (மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் போன்ற சில பகுதிகள் மட்டும் பொருந்தாது). இரண்டாவது, லேபர் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள். அவருக்கு முதலாளி அந்தக் காண்ட்ராக்டர்தான், ஆனால் காண்ட்ராக்டர் சம்பளத்தை முழுங்கிவிட்டால் மூன்று மாதச் சம்பளம் வரை ஆலையையும் பொறுப்பாக்கலாம், 90 நாளுக்குள் லேபர் ஆபீசில் வழக்குப் பதிய வேண்டும். மூன்றாவது, என்னைப் போல் சொந்தப் பெயரில் பதிவு செய்து பில் போடுகிறவர். இவருக்கு 5,000 வெள்ளி வரையான பாக்கி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது, வக்கீல் தேவையில்லை.

இதில் ஒரு தந்திரம் நடக்கும். ஆளை ஊழியர் போலவே நடத்திக்கொண்டு, தாளில் மட்டும் 'நீ தனிக் காண்ட்ராக்டர்' என்பார்கள், ஈபிஎஃப் மிச்சம் பிடிக்க. அதே 2023 திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டாலும், உங்கள் வேலையையும் நேரத்தையும் அவர்கள் கட்டுப்படுத்தினால், கருவியும் பொருளும் அவர்கள் கொடுத்தால், உங்கள் வேலை அவர்கள் தொழிலின் ஓர் அங்கமாக இருந்தால், உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி சீராக அங்கிருந்தே வந்தால், உங்களை ஊழியர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆலையின் டைட்ரேஷன் மேசையில், அதாவது அமில அளவு பார்க்கிற மேசையில், உட்கார்ந்து, ஆலை வாங்கிய ஹெக்சேன் கரைப்பானில் சோதனை செய்து, அவர்கள் சொன்ன ஷிப்டில் வருகிற ஆள் எப்படித் தனிக் காண்ட்ராக்டர் ஆவார்? ஈபிஎஃப் ஆப்பைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சரி, எண் விஷயம். உங்கள் கேள்வியில் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது இது, என்னைக் கேட்டால் முதலில் வந்திருக்க வேண்டியது.

ஆலையில் அரசியல் ஏன் லேப்பைச் சுற்றியே நடக்கிறது தெரியுமா? எண் யாரையாவது காட்டிக்கொடுத்துவிடும். கச்சாச் செம்பனை எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம், அதாவது எஃப்எஃப்ஏ, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வாங்குபவர்களின் வழக்கமான நிபந்தனை. அது ஏன் ஏறுகிறது? குலை அடிபட்டாலோ, வெட்டிய பிறகு காத்துக் கிடந்தாலோ பழத்திலிருக்கும் லைப்பேஸ் என்கிற நொதி எண்ணெயை உடைத்துக்கொண்டே இருக்கும். நீராவியில் வேகவைத்த பிறகுதான் அது நிற்கும். ஆகவே திங்கட்கிழமை காலை எஃப்எஃப்ஏ 5.4 காட்டினால் அதற்குப் பொருள், சனி ஞாயிறில் குலை ரேம்ப்பில், அதாவது கொட்டி வைக்கிற மேடையில், கிடந்தது. ஏன் கிடந்தது? லோரி தாமதமா, பாய்லர் நின்றதா, குலையை வேகவைக்கிற ஸ்டெரிலைசரின் கதவு ஒழுகியதா? ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆளுக்கு ஒரு மேலாளர் இருக்கிறார். சக்கையில் எண்ணெய் அதிகமாகப் போனாலும் இதே கதைதான், எண்ணெய் பிழிகிற பிரஸ் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் யாருடைய மேசையிலோ தூங்கும். உங்கள் சோதனைக் குடுவையில் இளஞ்சிவப்பு வருகிற அந்தச் சொட்டு யாரோ ஒருவரின் போனஸ். அதனால்தான் "லேப் ஆளைக் கேளுங்கள்" என்கிறார். நீங்கள் தப்பு செய்ததாக அவர் உண்மையில் நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. விரல் யாரை நோக்கியாவது நீள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான், ஒப்பந்த ஆள் பக்கம் நீட்டினால் திருப்பி அடிக்காது.

மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். இதில் வளைந்து கொடுக்க இடமே இல்லை. ஒழுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே சரிவராது. எண்ணெய் டேங்கரில் ஏறிச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனதும் அங்கே மறுபடியும் சோதிப்பார்கள். நீங்கள் 4.8 என்று எழுதி அவர்கள் 5.4 என்று கண்டுபிடித்தால் விலையில் பிடித்தம் வரும், பிடித்தம் வந்தால் விசாரணை வரும். அன்றைக்கு அந்த உதவி மேனேஜர் "நான் சொன்னேனா?" என்று கேட்பார். தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. வாயால் சொன்ன உத்தரவுக்குச் சாட்சி கிடையாது.

மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லி வீரம் காட்ட வேண்டாம். "மறுபடி ஒரு சாம்பிள் எடுத்துப் பார்க்கிறேன் சார்" என்று சொல்லுங்கள், உண்மையாகவே எடுத்துப் பாருங்கள், இரண்டு முடிவையும் நேரத்தோடு எழுதுங்கள். எடை, எத்தனை மில்லி ஓடியது எல்லாம் உள்ள அந்தக் கச்சாத் தாள்தான் உங்கள் கவசம், அதில் வெள்ளை மை படக்கூடாது. அவருக்கு எண்ணை மாற்றியே ஆக வேண்டும் என்றால் சுருக்க அறிக்கையில் அவரே மாற்றி அவரே கையெழுத்துப் போடட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போட மாட்டார்கள்.

அறிக்கை அவர் பெயரில் போகிறதே, அதைச் சரிசெய்ய இதைவிட எளிய வழி இருக்கிறது. பெரும்பாலான ஆலை அறிக்கைகளில் அடியில் 'தயாரித்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். உங்கள் படிவத்தில் இல்லையென்றால் நீங்களே போட்டுவிடுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், தணிக்கைக்கு வசதி என்றால் இன்னும் நல்லது. தயாரித்தவர் கட்டத்தில் உங்கள் பெயர், சரிபார்த்தவரில் அவர் பெயர். எக்செல்லாக அனுப்பாமல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். அவருக்கு மரியாதை குறையவில்லை, உங்கள் பெயரும் தலைமை அலுவலகத்துக்குத் தினமும் ஒரு முறை போகிறது. மூன்று மாதத்தில் தொண்ணூறு முறை. எந்தப் புகார்க் கடிதத்தைவிடவும் இது நன்றாக வேலை செய்யும்.

என் கதை ஒன்று. பல வருஷம் முன்னால், ஸ்டெரிலைசர் லைனில் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அழுத்தத்தை அளந்து சொல்கிற கருவி, சாகக் கிடந்தது. மாற்ற வேண்டும் என்று உதவிப் பொறியாளரிடம் வாயால் சொன்னேன், "அடுத்த மாசம்" என்றார். விளைச்சல் உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி அது போயே போய்விட்டது, ஏழு மணி நேரம் ஆலை நின்றது, குலை லோரிகள் கேட்டுக்கு வெளியே ரோட்டு ஓரம் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. மறுநாள் கூட்டத்தில் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "இவரிடம் போன மாசமே மாற்றச் சொன்னேன்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம், ஷிப்ட் லாக் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன், 'மாலை 4.10, டிரான்ஸ்மிட்டர் கேட்டேன், ஸ்டோரில் இல்லை, உதவிப் பொறியாளருக்குத் தெரிவித்தாயிற்று' என்று. பக்கத்தில் ஷிப்ட் சூப்பர்வைசரின் கையெழுத்து. மேனேஜர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் அந்த வருஷம் புதுப்பிக்கப்பட்டது, அந்தப் பொறியாளர் நாலு மாசம் என்னோடு நேராகப் பேசவில்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லி அவர் என்னிடம் சொல்வார். சிரிப்பாக இருக்கும்.

ஆகவே எழுதுங்கள். வாயால் உத்தரவு வந்தால் அரை மணிக்குள் வாட்ஸ்அப்பில் மலாயில் ஒரே வரி, 'செப்பெர்தி டிபிஞ்சாங்கான் தாடி' (சற்று முன் பேசியபடி) என்று தொடங்கி, பேசியதை அப்படியே போட்டு, சரியா என்று கேட்டுவிடுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வரவே கூடாது, நினைவூட்டல் மாதிரி இருக்க வேண்டும். அதோடு வீட்டில் ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். ஆனால் கம்பெனிக் கோப்புகளை உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியம் காப்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், உங்களை வெளியே அனுப்பக் காரணம் தேடுகிறவருக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இந்தப் பணிவெல்லாம் வேண்டாம். டேங்குக்குள் இறங்கிச் சாம்பிள் எடு, பெர்மிட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால் இறங்காதீர்கள். 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில், உடனடி ஆபத்து இருக்கும்போது முதலாளி அதை நீக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை ஊழியருக்கு இருக்கிறது. காண்ட்ராக்டர் ஆட்களின் பாதுகாப்புக்கும் காண்ட்ராக்டருக்கு வேலை கொடுத்த நிறுவனம் பொறுப்பு என்று அதே திருத்தம் சொல்கிறது. எண்ணெய் டேங்க் யார் நிரந்தரம், யார் காண்ட்ராக்ட் என்று பார்த்து மூச்சை அடைக்காது.

இனி ஊர். கோலாலம்பூரில் என்றால் ஆபீஸ் சண்டை ஆபீசோடு போகும். இங்கே உங்கள் மேலாளரின் மனைவியும் உங்கள் அம்மாவும் ஒரே மாதச் சீட்டில் இருப்பார்கள், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரே கடையில் அப்பம் வாங்குவார்கள். நான் ஒரு தடவை திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி கோயில் சமையல் கொட்டகையில் காய் நறுக்கிக்கொண்டே கூட்டாளி ஒருவனிடம் மனசு விட்டுப் புலம்பிவிட்டேன். மறுநாள் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு வந்தது அதே பொறியாளர். என் இலையில் ஊற்றிக்கொண்டே, "தம்பிக்கு என்மேல் ஏதோ குறையாமே?" என்றார். அன்றிலிருந்து ஆலை விஷயத்தை ஊருக்குள் பேசுவதில்லை. புலம்ப வேண்டும் என்றால் ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கிற நண்பனுக்கு போன் போடுங்கள். அம்மாவிடமும் பாதியைத்தான் சொல்லுங்கள், அவர் பெயரைச் சொல்லாமல்.

இந்த மாதிரி மேலாளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி சொல்கிற கங்காணிதான் நினைவுக்கு வருவார். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணிக்கு, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அதற்கேற்பத் தலைக்காசு உண்டு. மேலே தோட்டத்துத் துரைக்கும் கீழே லயத்திலிருந்த தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று, துரை திட்டினால் அந்தத் திட்டை அப்படியே கீழே இறக்கிவிடுவார். 1938-ல் இந்தியா அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது, கங்காணி முறை போய்விட்டது, அந்த நாற்காலி மட்டும் இன்னும் இருக்கிறது. உங்கள் உதவி மேனேஜருக்கும் மேலே இருந்து எண் கேட்டுத் தினமும் போன் வருகிறது. அவர் செய்வது சரி என்று சொல்ல வரவில்லை. பயந்த ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினால் வேலை நடக்கும், வில்லனிடம் பேசுகிற மாதிரி பேசினால் நடக்காது. எஃப்எஃப்ஏ ஏறியிருக்கிற நாளில் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவர் அறைக்குப் போய், "சார், இன்றைக்கு 5.4, வார இறுதியில் குலை தேங்கியதுதான் காரணமாகத் தெரிகிறது" என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் அதிர்ச்சியாகி விரல் நீட்ட அவருக்கு அவசியம் இருக்காது. என் அனுபவத்தில் பாதிப் பேர் இதிலேயே அடங்கிவிடுவார்கள்.

மீதிப் பாதிக்கு, புதுப்பிப்பு. முடிகிற நாள் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மாதம் இருக்கும்போது கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், உதவி மேனேஜருக்கும் நகல் வைத்து. இத்தனை வருஷத்தில் செய்ததை எண்ணில் சொல்லுங்கள், புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். புகார் ஒரு வரிகூட வேண்டாம். அதே வாரத்தில் மற்ற ஆலைகளுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் விண்ணப்பம் போடுங்கள். டைட்ரேஷனும், எண்ணெயைப் பிரித்து அளக்கிற சாக்ஸ்லெட் சோதனையும் தெரிந்த கைக்கு லூமுட், கிள்ளான் துறைமுகம், பாசீர் கூடாங் வரைக்கும் வேலை இருக்கிறது.

கோபத்தில் ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். ஒப்பந்தம் நடுவிலிருக்கும்போது அவர்கள் நிறுத்தினால் சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதியில், எஸ்ஐபி என்பார்களே, அதில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். நீங்களாக விலகினால் கிடையாது. ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்தாலும் கிடையாது, இதைப் பலர் தெரியாமல் சொக்சோ ஆபீஸ் படியேறித் திரும்பியிருக்கிறார்கள், ஆகவே கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்ப்பதை இப்போதே ஆரம்பியுங்கள்.

புதுப்பிக்க மறுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே போனால் அது உண்மையான தற்காலிக ஒப்பந்தம்தானா என்று 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. இரு தரப்பின் நோக்கம் என்ன, முதலாளி பிறகு எப்படி நடந்துகொண்டார், தொழிலும் வேலையும் எப்படிப்பட்டவை என்று மூன்றையும் பார்த்து, அந்த ஊழியர் நிரந்தர ஊழியர்தான் என்று தீர்ப்பு வந்தது. லேப் வேலை ஆலை ஓடுகிற வரைக்கும் தேவைப்படுகிற வேலை என்பதை மனதில் வையுங்கள். தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான், அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடியிருக்கும். 2021 முதல் அங்கே சமரசம் ஆகாத வழக்கு நேராகத் தொழில் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. இதெல்லாம் மேலே சொன்ன முதல் இரண்டு வகைக்கு, என்னைப் போல் பில் போடுகிறவர்களுக்கு முதலில் 'நான் ஊழியர்தான்' என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கல்யாணம். போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐம்பது வெள்ளி மொய் போதும், அதிகம் வைத்தால் வேறு அர்த்தம் எடுப்பார்கள். ஆலை மேசைப் பக்கம் உட்காராமல் ஊர்க்காரர்கள் மேசையில் உட்காருங்கள், யாராவது லேப் பற்றி வாயைக் கிளறினால் "சாப்பாடு நல்லா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எஃப்எஃப்ஏ என்ன வந்ததோ அதையே எழுதுங்கள்.